தறிக் கொட்டகையில் 448 சதுர அடி ஜிம்: மெஷின் தேர்ந்தெடுத்த விதமும் நடந்த பிழைகளும்

குடியாத்தத்திலிருந்து பரதராமி வழியாகச் சித்தூர் போகும் சாலையில், ஊர் எல்லை முடிவதற்குள் பிரியும் ஒரு தெரு. இரண்டு பக்கமும் நெசவாளர் வீடுகள். சில வீடுகளில் இன்னும் கைலித் தறிச் சத்தம் கேட்கிறது. பல வீடுகளில் கொட்டகை மட்டும் நிற்கிறது, தறி இல்லை. அப்படி ஒரு கொட்டகையை ஜிம் ஆக்க வேண்டும் என்று ஒரு தம்பி என்னைக் கூப்பிட்டார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்த்துச் சேர்த்த பணமும், வீட்டு நகை மேல் வாங்கிய கடனுமாக அவர் கையில் ஆறு லட்சம் இருந்தது.

"இடம் சின்னது மாஸ்டர். எல்லாம் ஒரே மெஷின்ல வர்ற மாதிரி ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். நீங்க ஒரு தபா வந்து பாத்து சரின்னு சொன்னா அட்வான்ஸ் கட்டிடுவேன்."

பதினைந்து வருடமாகச் சின்ன ஊர்களில் ஜிம் அமைக்க உதவி வருகிறேன். இந்த ஒரு வரியைக் கேட்காத வருடம் இல்லை. இடம் சின்னது, அதனால் எல்லாம் சேர்ந்த ஒரே மெஷின் என்று நினைப்பது நியாயமாகத்தான் தெரியும். அது ஏன் சரிப்படவில்லை, பதிலுக்கு என்ன வாங்கினோம், அதிலும் எங்கே தவறினோம் என்று எழுதி வைத்தால், இதே நிலையில் இருக்கும் இன்னொருவருக்குப் பணம் மிஞ்சும்.

கொட்டகை 14 அடி அகலம், 32 அடி நீளம். தெருவைப் பார்த்த குறுகிய பக்கத்தில் கதவு. கதவை ஒட்டிய 4 அடி செருப்புக்கும் மேசைக்கும் போய்விடும். மீதி 28 அடி. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். சுவரோரம் 8 அடி உயரம், நடுவில் பதினொன்றரை. நடு விட்டத்திலிருந்து இரண்டு மின்விசிறிகள் தொங்கின. தலைக்கு மேல் ராடைத் தூக்குகிறவனுக்கு அவைதான் முதல் ஆபத்து, அதனால் அன்றே கழற்றிச் சுவரில் மாட்டும் விசிறிக்கு மாறச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் ஒரே சுவர். அங்கே கைக்குழந்தை இருந்தது.

அவருடைய வீட்டு மாடியும் காலியாகத்தான் இருந்தது, கொட்டகையைவிடக் காற்றோட்டம் அதிகம். வேண்டாம் என்றேன். குடியிருக்கும் வீட்டுக்குத் தளம் போடும்போது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ என்று கணக்கு வைத்துத்தான் போடுவார்கள். பிளேட் (எடைத் தகடு) மாட்டிய ஒரு ராக்கும், அதாவது ராடைத் தாங்கும் இரும்புச் சட்டமும், அதில் நிற்கும் ஆளும் சேர்ந்தாலே அந்தக் கணக்கு தாண்டும். ராடைக் கீழே வைக்கும்போது வரும் அதிர்வு தனி. மாடியில் ஜிம் வைக்க நினைப்பவர்கள் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது.

கொட்டேஷனில் இருந்தது

விற்பனையாளர் ஒருவர் கொடுத்திருந்த பட்டியலில் ஐந்து பொருள். ராடு தண்டவாளத்தில் ஏறி இறங்கும் ஸ்மித் மெஷின், கம்பிக் கயிற்றால் எடையை இழுக்கும் இரண்டு பக்க கேபிள், ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டுக்கான ராக் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த மெஷின் ஒன்று. காலால் எடையைத் தள்ளும், 45 டிகிரி சாய்வான லெக் பிரஸ் ஒன்று. டிரெட்மில் இரண்டு. ஒரு பெஞ்ச். கொஞ்சம் டம்பெல். எல்லாவற்றுக்கும் நீளம், அகலம் போட்டிருந்தது. அவற்றைக் கூட்டினால் 448 சதுர அடியில் பாதிகூட வரவில்லை. "இடம் நிறைய மிச்சம் இருக்குதே மாஸ்டர்" என்று தம்பி சந்தோஷப்பட்டார்.

அந்த அளவு மெஷின் சும்மா நிற்கும்போது உள்ள அளவு. ஆள் ஏறி வேலை செய்யும்போது உள்ள அளவை எந்தப் பட்டியலும் சொல்லாது. ஒலிம்பிக் ராடு 2.2 மீட்டர், அதாவது 7 அடி 3 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. பிளேட்டை மாட்டவும் எடுக்கவும் ஆள் ராடின் முனையில் நிற்க வேண்டும், ஒரு பக்கத்துக்கு 2 அடி. மொத்தம் 11 அடி 3 அங்குலம். அந்தப் பெரிய மெஷினைப் பின்சுவரைப் பார்த்து அகலவாக்கில் வைப்பதாகத்தான் வரைபடம். 14 அடியில் அது போக 2 அடி 9 அங்குலம் மிஞ்சும். 20 கிலோ பிளேட்டைக் கையில் வைத்திருப்பவனை உரசிக்கொண்டுதான் இன்னொருவன் பின்னால் போக முடியும்.

லெக் பிரஸ் தனியாக 8 அடிக்கு 5 அடி. அதற்கும் இரண்டு பக்கம் பிளேட் மாட்ட இடம் விட்டால் 72 சதுர அடி, ஒரே ஒரு ஆளுக்கு. டிரெட்மில்லுக்குப் பின்னால் 2 மீட்டர் காலி விட வேண்டும். ஓடுகிறவன் தவறி விழுந்தால் பெல்ட் அவனைப் பின்னால்தான் தள்ளும். அங்கே சுவரோ இரும்போ இருந்தால் அடி பலமாகப் படும். சின்ன ஜிம்களில் டிரெட்மில்லைச் சுவருக்கு முதுகு காட்டி வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கோலமாவுக் கணக்கு

வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டகையைப் பெருக்கிவிட்டு, தம்பியின் அம்மாவிடம் கோலமாவு கேட்டேன். நான் டேப் பிடித்து அளவு சொல்லச் சொல்ல, அவரே தரையில் கோடு இழுத்தார். கை நடுங்காமல் 8 அடிக்கு ஒரே இழுப்பில் நேர்கோடு போட்டார். கொட்டேஷனில் இருந்த அத்தனை மெஷினும் அரை மணி நேரத்தில் வெள்ளைக் கட்டங்களாகத் தரையில் இறங்கின. ராடுக்குப் பதில் 7 அடி 3 அங்குலத்துக்கு வெட்டிய ஒரு மூங்கில் கழி. பெஞ்சுக்குப் பதில் வீட்டு மரப்பலகை.

தெருப் பையன்கள் 12 பேரை உள்ளே விட்டோம். அந்த எண்ணிக்கைக்குக் காரணம் இருக்கிறது. மாதச் சந்தா கட்டுகிறவர்கள் 60 பேராவது இருந்தால்தான் கடன் அடையும் என்பது தம்பியின் கணக்கு. இந்த ஊரில் கடையும் தறியும் கம்பெனியும் விட்டு எல்லோரும் வருவது சாயங்காலம் ஆறு முதல் எட்டரை. அந்த நேரத்தில் ஒரே சமயத்தில் 12 பேர் உள்ளே இருப்பார்கள். ஜிம் நிற்பதும் விழுவதும் அந்த இரண்டரை மணி நேரத்தில்தான்.

கட்டத்துக்குள் மட்டும் நின்று பயிற்சி செய்வதுபோல் அசையச் சொன்னேன். பெரிய மெஷினில் ஒருவன் மூங்கிலைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்தான். அதே மெஷினின் கேபிள் பக்கம் இன்னொருவன் போய் நின்றதும் மூங்கில் முனை அவன் காதருகே வந்தது, விலகிவிட்டான். ஆக அங்கே ஒருவன். லெக் பிரஸ்ஸில் ஒருவன், டிரெட்மில்லில் இரண்டு பேர், பெஞ்சில் ஒருவன். ஐந்து பேர் வேலையில் இருக்க, ஏழு பேர் சுவரோரம் சாய்ந்து நின்றார்கள். தம்பி கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "ஏழு பேரும் ரெண்டாவது மாசம் வர மாட்டானுங்க மாஸ்டர்" என்றார்.

நான் இதற்கு வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. மெஷின் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்ப்பதில்லை. அதில் வேலை செய்யும் ஆள் ஒவ்வொருவருக்கும் எத்தனை சதுர அடி செலவாகிறது என்று பார்ப்பேன். பத்துப் பயிற்சி செய்யக்கூடிய மெஷினாக இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒரு பயிற்சிதான் நடக்கும், ஒரு ஆள்தான் நிற்பான். வீட்டில் தனியாகச் செய்கிறவருக்கு எல்லாம் சேர்ந்த மெஷின் அருமையான பொருள். பன்னிரண்டு பேர் வந்து நிற்கும் இடத்தில் அதுவே பத்துப் பயிற்சிக்கும் பூட்டு போட்டுவிடும்.

அம்மா துடைப்பத்தால் கோலத்தை அழித்தார், மறுபடி வரைந்தோம். இந்தத் தடவை 9 பேருக்கு வேலை வந்தது. பெஞ்சுகளை இடம் மாற்றி மூன்றாம் முறை வரைந்தபோது 11 பேர் அசைந்தார்கள், ஒருவன் நின்றான். கால் கிலோ கோலமாவு செலவு. அவ்வளவுதான்.

எதை எடுத்தோம், ஏன்

முதலில் ஹாஃப் ராக். ஒளிக்காமல் சொல்ல வேண்டும், இதுவும் இடம் தின்னும் பொருள்தான். நீளவாக்கில் 11 அடி 3 அங்குலம், சுவரிலிருந்து எட்டரை அடி, சுமார் 96 சதுர அடி. பெரிய மெஷினை இடத்தைக் காட்டி மறுத்துவிட்டு இதை ஏன் வைத்தேன் என்று தம்பியும் கேட்டார். ராக்கில் மூன்று பேர் சேர்ந்து செய்வார்கள். ஒருவன் தூக்கும்போது ஒருவன் பின்னால் நிற்பான், மூன்றாமவன் மூச்சு வாங்குவான். கனமான ஸ்குவாட்டுக்கு எப்படியும் இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு வேண்டும் என்பதால் யாருக்கும் காத்திருக்கும் எண்ணமே வராது. ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட், மேலே புல்லப்ஸ் நான்கும் அங்கேயே. பிளேட்டுகளைப் பின்தூணிலேயே மாட்டிவிடலாம், தனி ஸ்டாண்ட் வேண்டாம். ஆள் இல்லாத நேரத்தில் அதே தரையில் பாய் விரித்துக்கொள்ளலாம்.

ராக்கை வைத்த திசைதான் முக்கியம். ராடு நீண்ட சுவருக்கு இணையாக வரும்படி திருப்பினோம். அதனால் எதிர்ப்பக்கம் ஐந்தரை அடி வழி கிடைத்தது. அந்த எதிர்ச்சுவரில் தரையைத் தொடாதவை மட்டும் என்று முடிவு செய்தோம். ஸ்கிப்பிங் கயிறு, ரப்பர் பேண்டு, பாய், எல்லாம் ஆணியில்.

ராடை 6 அடியாகக் குறைத்தால் 14 அங்குலம் மிஞ்சுமே என்று ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனைதான், ஆனால் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். முழு ராடில், பிளேட் உள்ளே நகராமல் தடுக்கும் இரண்டு காலர்களுக்கு இடையே 1.31 மீட்டர் இருக்கும், 4 அடி அகல ராக்கில் அது தாராளமாக உட்காரும். குட்டை ராடுகள் சிலவற்றில் இந்த உள் அளவும் சேர்ந்து குறைந்திருக்கும். அப்போது ராடு ராக்கின் கொக்கியில் உட்காராது, அல்லது பிளேட் தூணில் இடிக்கும். நாங்கள் முழு ராடையே வைத்துக்கொண்டோம். அதற்குக் காரணம் பையன்கள்.

இந்த மாவட்டத்துப் பையன்களுக்குப் பளு தூக்குதல் மேல் தனி மோகம் உண்டு. வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட் என்று இரண்டு காமன்வெல்த் போட்டிகளிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர். கிளாஸ்கோவில் அவர் தூக்கிய மொத்தம் 328 கிலோ. அதைக் கேட்டு வளர்ந்தவர்கள், "இங்க ஸ்னாட்ச் போட முடியுமா மாஸ்டர்?" என்றுதான் கேட்டார்கள். ஸ்னாட்ச் என்றால் ராடைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது. முடியாது என்று சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. போட்டி மேடை 4 மீட்டர் சதுரம், 172 சதுர அடி. நம் கொட்டகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தலைக்கு மேலிருந்து ராடைப் போட்டால் பக்கத்து வீட்டுக் குழந்தையின் தூக்கமும் போகும். ஆகவே ஸ்னாட்ச், தோளிலிருந்து தலைக்கு மேல் தள்ளும் ஜெர்க் இரண்டும் இங்கே இல்லை. ஆனால் ஸ்குவாட்டையும், ராடைத் தரையிலிருந்து இழுப்பதையும் முறையான 20 கிலோ ராடில் பழகட்டும், நாளைக்கு வேலூர் போய்ப் பயிற்சி எடுக்கும்போது கை புதிதாகத் தடுமாறக் கூடாது. பிளேட்டும் முழுக்க 50 மில்லிமீட்டர் துளை. உள்ளூரில் கிடைக்கும் சின்னத் துளைப் பிளேட் விலை குறைவுதான். இரண்டு வகையையும் கலந்தால் இரண்டு ஸ்டாண்ட் வேண்டும், அவசரத்தில் தவறான பிளேட் கைக்கு வரும்.

அடுத்தது இரண்டு ஸ்டாக் உள்ள கேபிள் மெஷின், ஃபங்ஷனல் டிரெய்னர் என்பார்கள். ஸ்டாக் என்பது அடுக்கிய எடைத் தகடுகள், ஊசி (பின்) செருகி வேண்டிய எடையை எடுக்கலாம். சுவரோடு ஒட்டி நிற்கும், இரண்டு கையும் தனித்தனி. ஒரே நேரத்தில் இரண்டு பேர், ஆளுக்கு 36 சதுர அடி. கேபிள் கையை மேலும் கீழும் நகர்த்தலாம் என்பதால் தோள், மார்பு, கை, வயிறு எல்லாவற்றுக்கும் ஆகும். சின்ன இடத்துக்கு ஒரே ஒரு மெஷின்தான் வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி ஸ்டாக் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒரே ஸ்டாக்கை இரண்டு கைக்கும் பகிர்ந்து கொடுக்கும் மாடல்களும் கடையில் உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், இரண்டு பேர் செய்ய முடியாது.

மேலிருந்து கீழே இழுக்கும் லாட் புல்டவுன், உட்கார்ந்து இழுக்கும் ரோயிங் இரண்டும் சேர்ந்த மெஷின் ஒன்று. நம் பையன்களுக்கு விங்ஸ் (முதுகின் பக்கச் சதை) காட்ட வேண்டும், அதனால் எந்த ஜிம்மிலும் அதிகம் வரிசை நிற்பது இதில்தான். அப்புறம் தொடைக்கான லெக் எக்ஸ்டென்ஷன், லெக் கர்ல் சேர்ந்த ஒன்று. சக்கரம் வைத்த, சாய்வு மாற்றக்கூடிய பெஞ்ச் இரண்டு. டிரெட்மில்லுக்குப் பதில் ஒரு சைக்கிள்.

டம்பெல் இரண்டரை கிலோவிலிருந்து 25 கிலோ வரை பத்து ஜோடி, மொத்தம் 275 கிலோ. திருகி எடை மாற்றும் டம்பெல் ஒரு ஜோடி பத்து ஜோடியின் இடத்தை மிச்சப்படுத்தும் என்று தம்பி படம் காட்டினார். உண்மைதான். ஆனால் ஒரு ஜோடியை ஒருவர்தான் பிடிக்க முடியும், கீழே போட்டால் உள்ளே இருக்கும் பூட்டு கெட்டுவிடும். ஜிம்மில் டம்பெல்லைப் போடாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. மூன்றடுக்கு ஸ்டாண்டில் பத்து ஜோடியும் 4 அடி நீளத்தில் அடங்கின. ஸ்டாண்டுக்கு 3 அடி தள்ளித் தரையில் மஞ்சள் கோடு ஒன்று போட்டோம். கோட்டுக்கு உள்ளே யாரும் நின்று செய்யக் கூடாது. இல்லாவிட்டால் கண்ணாடி முன்னால் ஒருவன் கர்ல் அடிக்க, பின்னால் நாலு பேர் டம்பெல் எடுக்க முடியாமல் நிற்பார்கள்.

மெஷின் எதிரே மெஷின் வராமல் மாற்றி மாற்றி வைத்தோம். இந்தச் சுவரில் கேபிள் மெஷின் இருந்தால் அந்தச் சுவரில் அதற்கு நேர் எதிரே காலி. 14 அடி அகலத்தில் இதைச் செய்யாவிட்டால் நடக்க வழியே இருக்காது.

சித்தூர்ப் பயணம்

லாட் மெஷினை மட்டும் பழையதாக எடுத்தோம். சித்தூரில் ஒரு ஜிம்மை மூடுகிறார்கள் என்று பரதராமியிலிருந்து வரும் ஒரு நண்பர் சொன்னார். பழைய மெஷின் வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பார்க்க வேண்டியதைப் பார்த்தால். கேபிளின் பிளாஸ்டிக் உறை முனைகளில் வெடித்திருக்கிறதா, கம்பி இழை வெளியே தெரிகிறதா? தெரிந்தால் கேபிளை மாற்றியே ஆக வேண்டும், அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும். புல்லியைக் கையால் சுற்றி ஆட்டிப் பார்க்க வேண்டும். ஸ்டாக் ஏறி இறங்கும் கம்பியில் விரல் நகத்தை ஓட்டினால் துரு தட்டுப்படும். அங்கே கம்பிக்கு கிரீஸ் தடவி வைத்திருந்தார்கள். அதில் தூசி ஒட்டி மையாகக் குழைந்திருந்தது. துணியால் துடைத்துவிட்டு சிலிக்கான் ஸ்பிரே மட்டும் அடித்தால் போதும், கிரீஸ் வேண்டாம். சீட்டு ரெக்சின் கிழிசலைப் பற்றிக் கவலைப்படவில்லை, அதைத் தைக்கக் குடியாத்தத்தில் ஆள் இருக்கிறார்கள்.

ஒரு குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு வந்தோம். மாநிலம் தாண்டி வரும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இ-வே பில் வேண்டும். இது அதற்குள் அடங்கியது. இருந்தாலும் விற்றவரிடம் கையெழுத்தோடு ஒரு ரசீது வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டோம்.

மற்ற மெஷின்கள் மீரட்டிலிருந்து லாரியில் வந்தன. லாரி தெருவுக்குள் நுழையாது என்று தெரியும், அதற்கும் குட்டி யானை ஏற்பாடு செய்திருந்தோம். கொட்டகைக் கதவு 2 அடி 9 அங்குலம். ஆர்டர் போடும் முன்பே விற்பனையாளரிடம் நான் கேட்டது இதைத்தான்: போல்ட் போட்டுச் சேர்ப்பது எது, வெல்டு அடித்து ஒரே துண்டாக வருவது எது, அந்தத் துண்டின் பெரிய அளவு என்ன? கேபிள் மெஷினின் பக்கச் சட்டம் 7 அடிக்கு 3 அடி, ஒரே வெல்டு. சாய்த்துத்தான் உள்ளே போனது. கேட்டிராவிட்டால் கதவு நிலையை இடிக்க வேண்டி வந்திருக்கும்.

குழி

பங்குனியில் திறந்தோம். இரண்டு வாரம் கழித்துத் தம்பியிடமிருந்து போன். கேபிள் மெஷினின் இடப்பக்க ஸ்டாக் பாதி வழியில் நிற்கிறது, விட்டால் டக்கென்று விழுகிறது. கேபிள் தளர்ந்திருக்கும் என்று நினைத்துப் போனேன். கேபிள் சரியாக இருந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் மெஷின் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பின்னங்கால் ஒன்று, ரப்பர் விரிப்போடு சேர்த்துத் தரைக்குள் ஒரு விரல் ஆழம் இறங்கியிருந்தது.

தம்பியின் அப்பா அப்போதுதான் உள்ளே வந்தார். நாற்பது வருடம் அந்தக் கொட்டகையில் குழித்தறி நெய்தவர். குனிந்து பார்த்துவிட்டு, "இது நம்ம ரெண்டாம் தறிக் குழிப்பா" என்றார். குழித்தறியில் நெய்கிறவர் காலை உள்ளே விட்டு மிதிக்கத் தரையில் இரண்டு அடிக்கு மேல் குழி இருக்கும். தறியைத் தூக்கியபோது சாம்பலும் மணலும் போட்டு மூடி, மேலே மெல்லிசாக சிமென்ட் பூசியிருந்தார்கள். ஆள் நடக்க அது போதும். 350 கிலோ மெஷின் நான்கு சின்னப் பாதங்களில் நிற்கப் போதாது. அவர் நடந்துபோய் மற்ற மூன்று குழிகளையும் கால் பெருவிரலால் காட்டினார். தட்டிப் பார்த்தோம். மூன்றிலும் ஓட்டைச் சத்தம்.

பிழை என்னுடையது. தறிக் கொட்டகை என்று தெரிந்தும், டேப்பும் கோலமாவும் எடுத்தவன், அந்தப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது, இங்கே முன்னால் என்ன இருந்தது என்பதைத்தான். சுத்தியலால் தரை முழுக்க அடிக்கு ஒரு தட்டு தட்டிப் பார்க்கிறேன்.

உடனே ஜிம்மை மூட முடியாது, சந்தா வாங்கியாகிவிட்டது. மெஷினை 2 அடி நகர்த்தி, காலுக்கு அடியில் தடித்த இரும்புத் தகடு வைத்து, எடையைக் குறைத்து ஓட்டினோம். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்தச் சமயத்தில் இந்த ஊரில் யாரும் ஜிம்முக்கு வர மாட்டார்கள். மேளச் சத்தத்தோடு நான்கு குழியையும் தோண்டிச் சாம்பலை அள்ளினோம். பெரிய ஜல்லி போட்டு அடுக்கடுக்காக இடித்து, மேலே 6 அங்குலம் கான்கிரீட் போட்டுத் தண்ணீர் கட்டினோம். பத்து நாள் மூடியிருந்தது. முன்பே செய்திருந்தால் ரப்பர் விரிப்பை இரண்டு முறை ஒட்ட வேண்டி இருந்திருக்காது.

பாதி எடை

அடுத்த புகார் அதே கேபிள் மெஷினைப் பற்றித்தான். பரதராமிப் பக்கத்துப் பையன் ஒருவன், "அன்னா, பருவு தக்குவகா உந்தி" என்றான் தெலுங்கில், எடை கம்மியா இருக்குது என்று. 90 கிலோ ஸ்டாக்கில் பாதிக்கு மேல் பின் போட்டும் கைக்கு லேசாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். தம்பிக்கு ஏமாந்துவிட்டோமோ என்ற சந்தேகம்.

ஏமாற்று இல்லை. கிணற்றுக் கப்பி ஒரே இடத்தில் நிலையாக நிற்கும், அதனால் குடத்தின் எடை அப்படியே கைக்கு வரும். இந்த மெஷினில் ஸ்டாக்கோடு சேர்ந்து ஒரு கப்பியும் மேலே ஏறி இறங்கும். எடையை இரண்டு பக்கக் கயிறும் பகிர்ந்துகொள்வதால் கைக்குப் பாதிதான் வரும். 90 கிலோவில் பின் போட்டால் கையில் 45. அதற்குப் பதிலாகக் கேபிள் இரண்டு மடங்கு நீளத்துக்கு வரும். கையை 2 மீட்டர் இழுத்தாலும் ஸ்டாக் 1 மீட்டர்தான் ஏறும். மெஷின் இவ்வளவு குட்டையாக இருந்தும் நீளமாக இழுக்க முடிவது இதனால்தான். விற்பனையாளர் 90 கிலோ என்று சொன்னபோதே இந்த விகிதத்தையும் சொல்லியிருக்க வேண்டும். நானும் தம்பிக்கு முன்கூட்டியே விளக்கியிருக்க வேண்டும். வாங்குகிறவர்கள் கேட்டுவிடுங்கள்: விகிதம் ஒன்றுக்கு ஒன்றா, இரண்டுக்கு ஒன்றா? மெஷின் மேலே கைக்கு வரும் எடையைப் பெயின்டில் எழுதி வைத்தோம். புகார் அடங்கியது.

இந்தப் பாதி எடையை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் பெண்கள். காலை பத்தரை முதல் பன்னிரண்டு வரை அவர்களுக்கு மட்டும் என்று தம்பியின் அண்ணி பிடிவாதமாக வாங்கிய நேரம் அது. பீடி சுற்றியும் தீப்பெட்டி ஒட்டியும் தோள்பட்டை இறுகிப்போனவர்கள் நிறைய பேர் வருகிறார்கள். ஸ்டாக்கில் முதல் பிளேட் 5 கிலோ, கைக்கு இரண்டரை. அங்கிருந்து இரண்டரை இரண்டரையாக ஏறலாம். சித்தூர் லாட் மெஷினில் முதல் பிளேட்டே 10 கிலோ, அடுத்தது நேராக 20. அதில் தொடங்கச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் மறுநாள் வந்திருக்க மாட்டார்கள். சின்ன ஜிம்முக்கு ஸ்டாக் மெஷின் எடுக்கும்போது கடைசி எடையைப் பார்க்கிற அளவுக்கு முதல் எடையையும், ஒவ்வொரு பிளேட்டுக்கும் எவ்வளவு ஏறுகிறது என்பதையும் பாருங்கள்.

இப்போது

சாயங்காலம் ஏழு மணிக்குப் போய் எண்ணிப் பார்க்கிறேன். 12 பேர் இருந்தால் ஒருவரோ இருவரோதான் நிற்கிறார்கள், அவர்களும் செட்டுக்கு நடுவே மூச்சு வாங்குகிறவர்கள். சந்தா 60ஐத் தாண்டவில்லை, 50ஐ ஒட்டி நிற்கிறது. வெயில் காலத்தில் மதியம் ஷீட்டுக்குக் கீழே இரும்பைத் தொட முடியாது, அந்த நேரம் மூடித்தான் வைக்க வேண்டும். கூரைக்கு அடியில் தெர்மாகோல் அடிக்கப் பணம் சேர்க்கிறார்.

லெக் பிரஸ் விஷயத்தில் என் முடிவு முழுக்கச் சரியா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. ஐம்பதைத் தாண்டிய சிலர் வருகிறார்கள். அவர்களுக்கு ராடைத் தோளில் வைக்கப் பயம், டம்பெல்லை நெஞ்சோடு பிடித்து உட்கார்ந்து எழுந்தால் இடுப்பு பிடிக்கிறது. அவர்களுக்கு லெக் பிரஸ் ஒன்று இருந்தால் நல்லதுதான். வைக்க வேண்டுமானால் பெஞ்சு இரண்டையும் எடுக்க வேண்டும், அங்கே தினமும் நாலு பேர் நிற்கிறார்கள். உட்கார்ந்து தள்ளும் குட்டையான மாடல் ஒன்று இருக்கிறது, ஸ்டாக் வைத்தது, பக்கத்தில் பிளேட் மாட்ட இடம் வேண்டாம். அதன் அளவைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஆடி முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் மறுபடி கோலமாவு கேட்க வேண்டும்.